முட்கதவும் மரமும்: வலையமைப்புகளில் மாற்றுவழிகளின் வரலாறு

ஹந்தானை மலைத்தொடர் கண்டி மாநகரின் தெற்கே நிமிர்ந்து நிற்பது. அதன் ஒருபுறச் சரிவிலே பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. இடையிலே தேயிலைத் தோட்டங்கள். மேலே தொலைத்தொடர்புக் கோபுரங்கள். அம்மலையினின்று மேற்கே கடுகண்ணாவைப் பக்கமாக நோக்குவார்க்குக் கண்டி நாட்டு வரலாற்றின் பெரும்பகுதியை நிருணயித்த பொருளொன்று புலனாகும். அதுதான் வழி. நம் வரலாற்று மாணவர் போர்களைப் படிக்கின்றனர். உடன்படிக்கைகளை ஆண்டுவாரியாக மனனஞ் செய்கின்றனர். வழிகளின் வரலாற்றைப் படிப்பார் மிகச் சிலரே. இரண்டிடங்களுக்கு இடையே ஒரு வழி போதுமா, பல வழிகள் வேண்டுமா? பல இருப்பின் எதனைத் திறந்து வைப்பது, எதனை மூடி வைப்பது? மூடியதை எப்பொழுது, யார் திறப்பது? இவ்வினாக்களைக் கண்டி மன்னர்கள் தம் காலத்தில் எதிர்நோக்கினர். கணினி வலையமைப்புகளை ஆக்கியோர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றையே வேறொரு வடிவில் எதிர்நோக்கினர். அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

கண்டி இராச்சியத்துக்குக் கோட்டை மதில்களைக் காட்டிலும் மலையுங் காடுமே அரணாயின. உள்ளே செல்லும் பாதைகள் ஒற்றையடிப் பாதைகளாகவே வைக்கப்பட்டன. அவற்றை அகலப்படுத்த மன்னர் விரும்பவில்லை. 1660 ஆம் ஆண்டு சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, அப்பாதைகளின் குறுக்கே அமைந்திருந்த முட்கதவுகளைப் பற்றிக் கூறுகின்றார். முட்செடிகளைப் பிணைத்துச் செய்த கதவு அது. மேலே தூக்கித் திறப்பது. அருகே காவலர் இருப்பர். உரிய அடையாளம் காட்டுவோரை மட்டும் அவர் போகவிடுவர். கடவத்தை என்பது அக்காவல் வாயிலின் பெயர். கொழும்புக்கு அணித்தாயுள்ள கடவத்தை என்னும் ஊர் இன்றும் அச்சொல்லைத் தாங்கி நிற்கின்றது.

இம்முட்கதவின் இயல்பைச் சற்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மன்னன் பாதையை அழித்துவிடவில்லை. அழித்திருந்தால் அவனுக்கே அது பயன்படாது போயிருக்கும். பாதையை வைத்துக்கொண்டே அதனை மூடினான். மூடிய வாயிலில் விழிப்புள்ள ஒருவனை நிறுத்தினான். எந்நிலையில் திறப்பதென்ற விதியையும் அவனிடங் கொடுத்தான். இருக்கின்ற வழி, மூடிய வழி, காவலுள்ள வழி என்னும் இம்மூன்றும் ஓரிடத்திற் சேர்ந்தமைதான் இங்கு கருதத்தக்கது. கணினி வலையமைப்பின் வரலாற்றில் இதே அமைப்பு மீண்டுந் தோன்றுவதைப் பின்னர்க் காண்போம்.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. முட்கதவுகளின் காலம் முடிந்து வீதிகளின் காலம் பிறந்தது. தேசாதிபதி பாண்ஸின் ஆட்சியில், 1820 ஆம் ஆண்டளவில், கொழும்பு – கண்டி வீதி வெட்டத் தொடங்கப்பட்டது. கடுகண்ணாவையிற் பாறையைக் குடைந்து வீதி சென்றது. அப்பாறை துளைக்கப்படும் வரை கண்டி அந்நியருக்கு அடங்காதென்று கர்ணபரம்பரைக் கதையொன்று வழங்கிற்று என்பர். அவ்வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுத் தூண் இன்றும் அங்கே நிற்கின்றது. பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1830களிலே முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. 1867 இல் புகையிரதமும் கண்டியை அடைந்தது.

வீதி ஒன்று, இருப்புப்பாதை ஒன்று, ஆக வழிகள் இரண்டாயின என்று அக்காலத்தார் மகிழ்ந்திருத்தல் கூடும். எனினும் இரண்டும் கடுகண்ணாவைக் கணவாயை அடுத்தே ஏறின. ஒரு மலைச்சரிவு பெயர்ந்து வீழ்ந்தால் இரண்டும் ஒருங்கே அடைபடலாம். எண்ணிக்கையில் இரண்டாயிருப்பது வேறு. ஒன்றின் கேடு மற்றொன்றைத் தொடாதிருப்பது வேறு. கலகெதரை வழியாகக் குருநாகலுக்கும், மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்கும், கம்பளை, நாவலப்பிட்டி வழியாகத் தெற்கேயுஞ் செல்லும் வீதிகளே கண்டிக்கு மெய்யான மாற்றுவழிகள். மழைக்காலத்தில் மண்சரிவினாற் கொழும்பு வீதி தடைப்பட்டபோதெல்லாம் சுற்றுவழியிற் சென்று வீடு சேர்ந்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

இனிச் செய்தி செல்லும் வழிகளைப் பார்ப்போம். கொழும்புக்குங் காலிக்கும் இடையே 1858 இல் தந்திக் கம்பி இழுக்கப்படுமுன், காலியில் நங்கூரமிட்ட கப்பல்கள் கொணர்ந்த செய்திகளை ஒப்சேவர் பத்திரிகை புறாக்களின் மூலம் பெற்றுவந்தது. தந்தியும் தொலைபேசியும் பரவிய பொழுது அவற்றின் அமைப்பு மரத்தை ஒத்தது. ஊர்க் கிளை, மாவட்டக் கிளை, தலைநகர் என்னும் அடிமரம். கிளை முறிந்தால் அக்கிளையிலுள்ளோர் மட்டும் துண்டிக்கப்படுவர். அடிமரம் சாய்ந்தால் யாவரும் துண்டிக்கப்படுவர்.

இக்குறையை முதன்முதல் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் தலையாயவர் போல் பாரன். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்திற் பணியாற்றிய அவர், அணுப்போருக்குப் பின்னும் செய்தித்தொடர்பு எஞ்சியிருக்குமா என்ற அச்சமே எங்கும் நிலவிய காலத்தில், 1964 இல் தம் ஆய்வறிக்கைகளை வெளியிட்டார். நிலையங்களை வலைபோலப் பின்னி, ஒவ்வொன்றையும் அயலிலுள்ள மூன்று நான்கு நிலையங்களோடு இணைத்துவிட்டால், பல நிலையங்கள் அழிந்த பின்னும் எஞ்சியவை தம்முட் பேசிக்கொள்ளும் என்பது அவர் கண்ட முடிபு. அளவிறந்த மாற்றுவழிகள் வேண்டியதில்லை, சிலவே போதும். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்புதல் என்ற கருத்தும் அவருடைய ஆய்வில் இடம்பெற்றது. 1969 இல் இயங்கத் தொடங்கிய ஆப்பாநெற் என்னும் வலையமைப்பு பொதிமுறையைக் கைக்கொண்டது.

ஆயின் வழிகள் பலவானவுடன் புதியதொரு நோய் தோன்றிற்று. 1980 ஒக்டோபர் 27 ஆந் திகதி ஆப்பாநெற் முழுவதும் பல மணிநேரம் செயலிழந்தது. குண்டு எதுவும் வீழவில்லை. கம்பி எதுவும் அறவில்லை. ஒரு நிலையத்தின் நினைவகப் பழுதினால், வழிநிலை அறிவிக்குஞ் செய்தியொன்று மூன்று வேறு வரிசை எண்களோடு வெளிப்பட்டது. அவ்வெண்கள் ஒரு வட்டத்திற் சுழல்வன. அறுபத்து மூன்றின் பின் மீண்டும் சுழியம் வரும். அதனால் முதலாவதிலும் இரண்டாவது புதியது, இரண்டாவதிலும் மூன்றாவது புதியது, மூன்றாவதிலும் முதலாவது புதியது என்றாயிற்று. ஒவ்வொரு நிலையமும் தனக்கு வந்ததைப் புதியதென்று நம்பி அயலாருக்கு அனுப்பியது. அம்மூன்று செய்திகளும் முடிவின்றிச் சுழன்று வலையமைப்பை மூச்சுத்திணற வைத்தன. எந்த மாற்றுவழிகள் பிழைத்திருப்பதற்காக அமைக்கப்பட்டனவோ அவற்றின் வழியாகவே நோய் எங்கும் பரவிற்று. இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து, வழிச்செய்திகளைப் பழுதுக்கு அஞ்சாது பரப்பும் முறையொன்றை 1983 இல் வெளியிட்டவர் றேடியா பேர்ள்மன் என்னும் அம்மையார். அவர் பெயர் நம் கதையில் மீண்டும் வரும்.

இதற்கிடையில், 1973 இல், செறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் றொபேட் மெற்காஃப் ஈதர்நெற் என்னும் முறையை வகுத்தார். டேவிட் பொக்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1976 இல் வெளிவந்தது. ஒரே கட்டடத்துள் இருக்கும் கணினிகள் பொதுவான கம்பியொன்றிற் பேசிக்கொள்ளும் எளிய முறை அது. எளிமையே அதன் வெற்றி. பின்னர் வந்த இடர்களுக்கும் அவ்வெளிமையே காரணம். ஈதர்நெற்றில் செல்லும் செய்தித்துண்டைச் சட்டகம் என்போம். இணையத்தில் தூரதேசம் செல்லும் பொதியின் தலைப்பிலே ஓர் ஆயுட்கணக்கு உண்டு. வழிப்படுத்தி ஒன்றைக் கடக்குந்தோறும் அது ஒன்று குறையும். சுழியமானதும் பொதி அழிக்கப்படும். ஈதர்நெற் சட்டகத்துக்கு அத்தகைய ஆயுட்கணக்கு இல்லை. அதனை ஆக்கியோர் ஒரு கம்பியை நினைத்தார்களேயன்றிக் கம்பிகளின் வலையை நினைத்தாரல்லர்.

கம்பிகள் பெருகின. அவற்றைத் தொடுக்கப் பாலம் என்னும் கருவி வந்தது. அதன் வழித்தோன்றலே இன்று நாம் சுவிச்சு என்று வழங்கும் ஆளி. இன்ன முகவரி இன்ன வாயிலின் பக்கம் உள்ளது என்பதை ஆளி தானே கேட்டறிந்து அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். அறியாத முகவரிக்குச் சட்டகம் வந்தால், வந்த வாயில் தவிர்ந்த மற்றெல்லா வாயில்களாலும் அதன் பிரதியை அனுப்பும். யாவருக்கும் உரிய பொதுச் சட்டகத்தையும் அவ்வாறே அனுப்பும். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றொன்று இருக்கட்டுமென்று மூன்று ஆளிகளை முக்கோணமாகத் தொடுத்துவிட்டதாகக் கொள்வோம். ஒரு பொதுச் சட்டகம் வலமாகவும் இடமாகவும் புறப்பட்டு, சுற்றிவந்து, மீண்டும் பிரதியாகி, மீண்டுஞ் சுற்றும். இறக்கும் வழி அதற்கு இல்லை. சில நொடிகளில் கம்பி முழுவதும் பிரதிகளால் நிறைந்துவிடும். பொறியியலார் இதனைப் புயல் என்பர், பெயர் பொருத்தமே. கம்பி ஒன்று குறைவாயிருந்தால் என்றோ ஒருநாள் வரக்கூடிய இடர், கம்பி ஒன்று கூடுதலாயிருந்தால் உடனே வந்துவிடுகின்றது.

இச்சிக்கலைத் தீர்க்கும் பணி டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்திலே பேர்ள்மன் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேலாளர் விடுமுறையிற் செல்லுமுன் ஒரு வெள்ளிக்கிழமை இதனைக் கூறினார் என்றும், அன்றிரவே வழி தோன்றிற்று என்றும், வாரத்தின் முற்பகுதியில் விதிகளை எழுதி முடித்துவிட்டு எஞ்சிய நாள்களில் அதனைப் பற்றி ஒரு வேடிக்கைப் பாடலும் இயற்றியதாகவும் அம்மையாரே பின்னாளிற் கூறியுள்ளார். அம்முறை 1985 இல் கட்டுரையாக வெளிவந்தது. 1990 இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. தமிழில் அதனைப் பரவுமர நெறி எனலாம்.

அதன் உட்கருத்து கணிதத்துக்குப் புதியதன்று. எத்தனை நிலையங்கள் இருப்பினும், அவை யாவற்றையும் வட்டமின்றி இணைக்க ஒன்று குறைந்த எண்ணிக்கையுடைய கம்பிகளே போதும், அவ்வமைப்பே மரம். எல்லா நிலையங்களுக்கும் இடையே கம்பி இருக்குமாயின், அவற்றுள் எத்தனை விதமான மரங்களைத் தெரியலாம் என்பதற்கான சூத்திரம் 1889 இல் ஆதர் கெய்லி எழுதிய கட்டுரையால் அவர் பெயரையே பெற்றது. நான்கு நிலையங்களுக்குப் பதினாறு மரங்கள். பத்து நிலையங்களுக்குப் பத்துக் கோடி. இத்தனையுள் ஒன்றை, தலைவர் எவருமில்லாத ஆளிகள், முழு வரைபடத்தையும் அறியாமலே, தமக்குள் பேசி ஒருமனதாகத் தெரிந்தெடுக்க வேண்டும். பேர்ள்மன் தீர்த்த சிக்கல் இதுவே.

அவர் கண்ட விதி வியக்கத்தக்க அளவு எளியது. ஒவ்வொரு ஆளிக்கும் ஓர் அடையாள எண் உண்டு; யாவற்றிலுஞ் சிறிய எண்ணுடையது வேராகும். மற்றவை ஒவ்வொன்றும் வேருக்குச் செல்லும் செலவு குறைந்த வழியைத் தெரிந்து அவ்வாயிலைத் திறந்து வைக்கும். வட்டத்தை உண்டாக்கும் வாயில்கள் மூடப்படும். மூடப்படினும் அவை உறங்குவதில்லை. வேரிலிருந்து இரண்டு நொடிக்கொருமுறை பரவும் நலச்செய்தியைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். அச்செய்தி நின்றுவிட்டால், இருபது நொடி பொறுத்து, பின்னும் பதினைந்து பதினைந்தாக முப்பது நொடி எச்சரிக்கையோடு காத்து, வாயில் திறக்கப்படும். இருக்கின்ற வழி, மூடிய வழி, காவலுள்ள வழி: நொக்ஸ் கண்ட முட்கதவே இது. 2001 இல் வந்த திருத்தம் இந்த ஐம்பது நொடித் தாமதத்தை மிகவுங் குறைத்தது.

இங்கு ஒரு நுட்பத்தைச் சுட்டாமற் செல்ல மனமில்லை. அடையாள எண்ணின் முற்பகுதி, பொறுப்பாளர் இட்டு மாற்றத்தக்க முதன்மை எண். எவரும் மாற்றாதுவிடின் எல்லா ஆளிகளிலும் அது 32768 என்றே இருக்கும். அப்பொழுது தொழிற்சாலையிற் பொறிக்கப்பட்ட முகவரியே வெற்றியை நிருணயிக்கும். பழைய கருவிகளுக்கே பெரும்பாலும் சிறிய முகவரி வாய்ப்பதால், எங்கோ ஒரு மூலையில், தூசி படிந்த அலுமாரிக்குள் இருக்கும் மிகப் பழைய ஆளி வலையமைப்பு முழுவதற்கும் வேராகிவிடும். மூப்பு நோக்கித் தலைமை வழங்கும் நிறுவனங்களிற் பணியாற்றியோர் இதனைக் கேட்டு வியப்படையமாட்டார்.

1990 இல் கல்பனா என்னும் நிறுவனம் பல வாயில்களுடைய ஈதர்நெற் ஆளியை முதன்முதற் சந்தைக்குக் கொணர்ந்தது. அதனை நிறுவியவருள் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய மரபினர். தம் மனைவியின் பெயரை நிறுவனத்துக்குச் சூட்டினார். பல கம்பிகளை ஒரே கம்பியெனக் கருதிக் கட்டும் முறையையும் அந்நிறுவனமே தொடக்கிற்று. ஒரு கட்டாகிவிட்ட கம்பிகளுக்கிடையே வட்டம் இல்லையாதலால் எதனையும் மூட வேண்டியதில்லை. யாவும் ஒருங்கே உழைக்கும். 1994 இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கிக்கொண்டது.

மரநெறியின் பெருங்குறை இதனால் விளங்கும். மூடிய கம்பிக்குப் பணம் கொடுத்திருப்போம். ஆனால் அது பணி செய்யாது. வலையமைப்பை மெய்நிகர்ப் பிரிவுகளாக வகுத்து, ஒரு பிரிவுக்கு ஒரு மரம், மற்றதற்கு வேறொரு மரம் என்று அமைப்பதனால் இக்குறை ஓரளவு தீர்ந்தது. ஒரு மரத்தில் மூடப்பட்ட கம்பி மற்ற மரத்தில் திறந்திருக்கும்.

ஆயினும் மெய்யான தீர்வு வேறு படையில் இருந்தது. வலையமைப்பின் வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படைகளாக வகுப்பது மரபு. ஆளி இரண்டாம் படையில் உழைப்பது. ஊர் எதுவென்று அறியாது, ஆளை மட்டும் அறிவது. வழிப்படுத்தி மூன்றாம் படையில் உழைப்பது. முகவரியை ஊர்வாரியாக அறிவது. அதனிடம் நாட்டின் வரைபடம் உண்டு. பொதிக்கு ஆயுட்கணக்கும் உண்டு. ஆகவே வட்டத்தைக் கண்டு அஞ்சி வாயிலை மூட வேண்டியதில்லை. ஆனால் பழைய வழிப்படுத்திகள் மென்பொருளாற் கணித்தமையால் மெதுவானவை. 1990களின் நடுப்பகுதியில் அக்கணிப்பைச் சில்லினுள்ளேயே பதித்தபொழுது ஆளியின் வேகமும் வழிப்படுத்தியின் அறிவும் ஒரு பெட்டிக்குள் சேர்ந்தன. அதுவே பல்படை ஆளி. அத்தகைய இரண்டை இணைத்து, இரண்டுக்கும் பொதுவான ஒரு முகவரியைக் கொடுத்து, ஒன்று வீழ்ந்தால் மற்றது அம்முகவரிக்கு உடனே பொறுப்பேற்கும் முறையும் அப்பத்தாண்டிலேயே உருப்பெற்றது. ஈதர்நெற்றை வலையமைப்பு என்று மக்கள் மயங்கியதே எல்லா இடர்ப்பாட்டுக்கும் மூலம் என்பது பேர்ள்மன் அம்மையாரின் கருத்து. தாம் கண்ட மரநெறியைத் தற்காலிக ஒட்டு வேலையென்றே அவர் மதித்தார். ஆக்கியோரே தம் ஆக்கத்தைக் குறைத்து மதிப்பது அரிது. இவ்விடயத்தில் அவர் மதிப்பீடு சரியென்றே எமக்குத் தோன்றுகின்றது.

அதற்குச் சான்று 2002 நவெம்பர் 13 ஆந் திகதி பொஸ்ரன் நகரிற் கிடைத்தது. அங்குள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலையமைப்பு ஆண்டுதோறும் கிளைவிட்டு, மரநெறி தாங்கத்தக்க ஏழு தாவல் எல்லையைக் கடந்து வளர்ந்திருந்தது. ஆய்வாளர் ஒருவரின் மென்பொருளிலிருந்து பெருந்தரவு வெள்ளம் பாய்ந்தது. நெரிசலில் நலச்செய்திகள் உரிய காலத்திற் சேரவில்லை. மரநெறியின் காவலன் மௌனத்தை மரணமென்றே கொள்வான், வழி நலமாயிருக்க, செய்தி வரவில்லை என்பதற்காக மூடிய வாயிலைத் திறந்தான், வட்டம் பிறந்தது, வட்டம் நெரிசலைப் பெருக்கிற்று, நெரிசல் மேலும் பல வாயில்களைத் திறப்பித்தது. ஏறத்தாழ நான்கு நாள் அம்மருத்துவமனை தாளுக்கும் பேனாவுக்கும் திரும்பியது. இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையிற் சுமந்து ஓடினர். கணினியிலேயே பழகிய இளம் மருத்துவர் பலருக்குத் தாளில் மருந்தெழுதுதல் புதிய அனுபவமாயிருந்தது. மூத்த தாதியரும் மருத்துவரும் பழைய முறையை மறவாதிருந்தமையே அந்நாள்களில் நோயாளருக்கு உதவிற்று. அதன் பின்னர் அவ்வலையமைப்பின் நடுப்பகுதி மூன்றாம் படையிலே திருத்தியமைக்கப்பட்டது. நிருவாகத்தார் நடந்ததை மறைக்காது உலகுக்கு எடுத்துரைத்தமை பாராட்டத்தக்கது. இன்று இந்நிகழ்ச்சி பாடநூற் சான்றாயிருப்பது அதனாலேயே.

நம் நாட்டுக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் அபய இந்துருவ அவர்களின் முயற்சியால், தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகங்களுக்கான மின்னஞ்சல் தொடங்கியபொழுது மாற்றுவழி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை; ஒரு வழி கிடைத்ததே பெரிது. 2004 ஓகஸ்ட் மாதத்தில், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால், இந்தியக் கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கம்பிவடத்தை அறுத்தது. நாட்டின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெரிதுந் தடைப்பட்டன. அடுத்த ஆண்டு மற்றொரு பன்னாட்டுக் கம்பிவடம் கொழும்பில் இயங்கலாயிற்று. 2006 இல் தூத்துக்குடிக்குங் கல்கிசைக்கும் இடையே கம்பிவடம் இடப்பட்டது. பாக்குநீரிணையின் இருமருங்கும் வாழும் தமிழருக்குப் பழகிய கடல்வழியொன்று இவ்வாறு இணையத்தின் மாற்றுவழியுமாயிற்று.

கணினிக் கூடங்களை இன்று அமைப்போர் அலுவலகத்துக்கு இரண்டு இணைப்புகள் பெற்றுவிட்டோமென்று அமைதி கொள்கின்றனர். அவ்விரண்டும் ஒரே வீதியோரக் குழியிற் புதைந்திருக்கின்றனவா, ஒரே கோபுரத்தில் ஏறுகின்றனவா, ஒரே மின்வழங்கலை நம்பியிருக்கின்றனவா என்று கேட்போர் குறைவு. கண்டிப் பகுதியில் இக்கேள்வி வெறும் ஏட்டுக்கேள்வியன்று. மலை பெயர்ந்தால் வீதியோடு வீதியோரம் யாவும் பெயரும். இரண்டாவது இணைப்பை ஆண்டுக்கொரு முறையேனும் வேண்டுமென்றே முதலாவதைக் கழற்றிச் சோதித்துப் பார்க்கும் வழக்கமும் அரிது. திறந்தறியாத முட்கதவு வேண்டியபோது தூக்க முடியாதபடி செடியோடு செடி பின்னி இறுகிக் கிடக்கும்.

பேர்ள்மன் அம்மையார் 2004 இல் தம் பழைய நெறிக்கு மாற்றாக, இரண்டாம் படையிலேயே வரைபட அறிவோடு வழிகாணும் முறையொன்றை முன்வைத்தார். ஆயுட்கணக்கையும் அதிற் சேர்த்தார்; 2011 இல் அது தரமாக வெளியாயிற்று. பெருந்தரவு நிலையங்கள் பலவும் இன்று மூன்றாம் படையைக் கம்பியின் முனைவரை கொண்டுசென்று, எல்லாக் கம்பிகளையும் ஒருங்கே பயன்படுத்துகின்றன. ஆயினும் பழைய மரநெறி பெரும்பாலான ஆளிகளில் அணைக்கப்படாமலே இருக்கின்றது. ஆய்வுகூடத்தில் மாணவர் ஒருவர் ஒரே கம்பியின் இரு முனைகளையும் அறியாது ஒரே ஆளியிற் செருகிவிட்டால், அதனை முதலிற் கண்டு ஒரு வாயிலை மூடுவது அதுவே.